இருபது விநாடி வெளிச்சம்

ராயபுரம், காசிமேடு பக்கம் கண்டிப்பான அப்பாக்களுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. எம்டன். 'எங்கப்பா சரியான எம்டன்டா' என்றால், ஆள் வருவதும் தெரியாது, அடி விழுவதும் தெரியாது என்று அர்த்தம். தமிழ்நாடு முழுக்கப் பரவிவிட்ட சொல்தான். 2006ல் ஒரு படத்துக்கு 'எம்டன் மகன்' என்று பேர் வைத்துவிட்டு, தமிழில் பேர் இருந்தால்தான் கேளிக்கை வரி விலக்கு என்றதும் 'எம் மகன்' ஆக்கினார்கள். அதாவது சர்க்கார் கணக்கில் எம்டன் தமிழ் இல்லை. நம் வீட்டுக் கணக்கில் நூறு வருடத்துக்கு மேலாகத் தமிழ்தான்.

அந்தச் சொல் பிறந்தது ஒரே ராத்திரியில். 1914, செப்டம்பர் 22.

முதல் உலகப் போர் ஆரம்பித்து ஏழு வாரம்தான் ஆகியிருந்தது. வங்கக் கடலில் ஒற்றை ஜெர்மன் கப்பல் சுற்றிக்கொண்டிருந்தது. பெரிய போர்க்கப்பல் எல்லாம் இல்லை. இலகு ரகக் குரூசர். 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள் பத்து. அதன் கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் அலட்டிக்கொள்ளாத மனிதர். மூளைக்காரர். எம்டனுக்கு நிஜத்தில் மூன்று புகைபோக்கி. பிரிட்டிஷ் குரூசரான யார்மத்துக்கு நான்கு. முல்லர் என்ன செய்தார்? கித்தான் துணியில் நாலாவதாக ஒரு பொய்ப் புகைபோக்கி செய்து வைத்துக்கொண்டார். தேவைப்படும்போது மாட்டிக்கொள்வார். தூரத்திலிருந்து பார்க்கிறவன் 'அட, நம்மாளு!' என்று கையாட்டுவான். கிட்டே வந்ததும் ஜெர்மன் கொடி ஏறும்.

இன்றைய பாஷையில் சொன்னால் அதுதான் ஸ்டெல்த். கண்ணுக்குத் தெரியாமல் போவது ஒரு வகை என்றால், தெரிந்தும் எதிரி என்று தெரியாமல் போவது இன்னொரு வகை.

அன்றைக்கு மதராஸை நெருங்கும் முன்னால் மாலுமிகள் எல்லோரையும் குளிக்கச் சொல்லி, சலவைத் துணி உடுத்தச் சொன்னார்கள். பண்டிகைக்கு அல்ல. காயம் பட்டால் அழுக்குத் துணியால் சீழ் பிடிக்கக்கூடாது என்பதற்காக. திருப்பி அடி விழும் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருக்கிறார்கள்.

வந்து பார்த்தால் மதராஸ் தீபாவளி மாதிரி ஜொலிக்கிறது! விளக்குகளை அணைக்கச் சொல்லி உத்தரவு இருந்தது. யாரும் சட்டை செய்யவில்லை. துறைமுகத்தில் விளக்கு. உயர் நீதிமன்றக் கட்டடத்தின் உச்சியில் 1894ல் இருந்து எரிந்துகொண்டிருந்த கலங்கரை விளக்கமும் அன்று தன் வேலையைச் சரியாகச் செய்தது. நண்பனுக்கும் எதிரிக்கும் ஒரே வெளிச்சம்.

துறைமுகத்திலிருந்து 3,000 கஜ தூரத்துக்கு வந்தது எம்டன். தேடுவிளக்கைப் போட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தெரிந்தன. சுட்டது. மொத்தம் 130 குண்டுகள். இரண்டு தொட்டிகள் பற்றி எரிந்தன, மூன்று சேதம். துறைமுகத்தில் நின்ற ஒரு சரக்குக் கப்பலும் அடி வாங்கியது. அரை மணிக்குள் எல்லாம் முடிந்தது. விளக்கை அணைத்துவிட்டு இருட்டுக்குள் போயே போய்விட்டது.

உயிர்ச் சேதம் விரல் விட்டு எண்ணிவிடுகிற அளவுதான். ஆனால் பீதிக்கு அளவே இல்லை. மறுநாளிலிருந்து ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைக் காலி செய்தார்கள். எம்டன் வேட்டையாடிய முதல் மாதத்தில் வங்கக் கடல் வழி ஏற்றுமதி அறுபது சதவீதத்துக்கு மேல் சரிந்தது. செண்பகராமன் பிள்ளை எம்டனில் வந்து வழி காட்டினார் என்று ஒரு கதை இன்றும் உலவுகிறது. நாமும் ஆசையாக நம்புகிறோம். அவர் அப்போது ஐரோப்பாவில் இருந்தார் என்பதுதான் உண்மை.

எனக்கு இந்தக் கதையில் முல்லரைவிட வேறு சிலர் மேல்தான் கண். கரையில் பீரங்கி வைத்துக்கொண்டு இருந்தார்களே, அவர்கள். இருட்டில் எங்கிருந்து அடிக்கிறான் என்று தெரியாமல், முதுகுக்குப் பின்னால் எண்ணெய் எரிய, அவர்களும் திருப்பிச் சுட்டார்கள். ஒன்பது குண்டு. ஒன்றுகூடப் படவில்லை.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் ஒரு கேள்வி விடாமல் குடைகிறது. பார்க்க முடியாத எதிரி, தன்னைவிடப் பல படி மேலான ஆயுதத்தோடு வருகிறான். கையில் இருப்பது பழைய சாமான். அந்தக் கரையோரப் பீரங்கிக்காரன் என்னதான் செய்ய முடியும்?

மதராஸ் இதற்குப் பதில் சொல்லவே இல்லை. 1942 ஏப்ரலில் மறுபடி பரீட்சை வந்தது. ஐந்தாம் தேதி ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பை அடித்தன. அடுத்த நாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா. அடுத்தது நாம்தான் என்று சர்க்கார் ஆபீசுகளையே மதராஸை விட்டு நகர்த்தினார்கள். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன ஆவது என்று சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் இருந்த மிருகக்காட்சி சாலையில் சிங்கம், புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். ஜப்பான் கடற்படை வரவேயில்லை. 1943 அக்டோபரில் ஒற்றை விமானம் வந்து ஏதோ கொஞ்சம் குண்டு போட்டுவிட்டுப் போனது, அதோடு சரி. பாவம், புலிகள்.

கேள்விக்குச் சரியான பதில் கிடைக்க 1999 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பதில் சொன்னவர் செர்பியாக்காரர். பேர் ஸோல்தான் டானி.

*

டானியைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் அவர் எதிர்கொண்ட பூதத்தைப் பார்த்துவிடலாம். எஃப்-117. அமெரிக்காவின் முதல் ஸ்டெல்த் தாக்குதல் விமானம். 1981ல் முதலில் பறந்தது. 1988 வரை அப்படி ஒன்று இருப்பதையே அமெரிக்கா ஒப்புக்கொள்ளவில்லை. 1991 ஜனவரியில் பாக்தாத் நகரின் நடு மண்டையில் குண்டு போட்டது. ஈராக்கியர்கள் வானம் முழுக்கச் சுட்டுத் தள்ளியும் ஒன்றின் மேலும் கீறல் விழவில்லை.

இதில் மந்திரம் எதுவும் கிடையாது. ரேடார் என்பது ஒரு டார்ச் லைட். வெளிச்சத்துக்குப் பதிலாக ரேடியோ அலையை அடிக்கும். எதிரில் இருப்பதன் மேல் பட்டுத் திரும்பி வந்தால்தான் அங்கே ஏதோ இருக்கிறது என்று தெரியும். திரும்பி வராவிட்டால்? எஃப்-117ஐப் பார்த்தால் அவசரத்தில் மடித்த காகித விமானம் மாதிரி இருக்கும். உடம்பு முழுக்கத் தட்டைத் தட்டையான பட்டைகள். ஒவ்வொன்றும் சாய்ந்திருக்கும். அலை பட்டால் வந்த வழியே திரும்பாமல் எங்கோ தெறித்து ஓடிவிடும். மிச்சத்தை மேல் பூச்சு உறிஞ்சிக்கொள்ளும். இதற்கு ஆதாரமான கணக்கைப் போட்டவர் யார் தெரியுமோ? பியோத்தர் உஃபிம்சேவ் என்கிற சோவியத் விஞ்ஞானி. 1962ல் மாஸ்கோவில் வெளியிட்டார். அங்கே யாரும் கண்டுகொள்ளவில்லை. மொழிபெயர்ப்பைப் படித்து விமானமாகச் செய்துவிட்டது அமெரிக்காவின் லாக்ஹீட் கம்பெனி.

ஆனால் ஒரு ஓட்டை இருந்தது. அதைப் புரிந்துகொள்ள ஒரு நடை காசிமேட்டுக்குப் போய்வந்தால் போதும்.

கரையோரம் நங்கூரம் போட்ட படகைக் கவனியுங்கள். சின்னச் சின்ன அலைகள் அதன் பக்கவாட்டில் மோதுகின்றன. பலகை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் தெறிக்கின்றன. பலகையின் வடிவம்தான் அங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இப்போது படகின் நீளத்துக்கே ஒரு பெரிய அலை வருகிறது. அது பலகையின் சாய்வை எல்லாம் பார்க்குமா? மொத்தப் படகையும் தூக்கிப் போடும்.

ரேடாரிலும் அதே கதைதான். ஏவுகணைக்குக் குறி பார்த்துக் கொடுக்கும் ரேடார்களின் அலை சில சென்டிமீட்டர் நீளம். எஃப்-117ன் வடிவம் ஏமாற்றுவது அவற்றைத்தான். டானியிடம் இருந்தது பி-18 என்கிற பழைய சோவியத் ரேடார். 1970ல் சேவைக்கு வந்தது. அலை நீளம் சுமார் இரண்டு மீட்டர். விமானத்தின் வால், இறக்கை நுனி எல்லாம் ஏறக்குறைய அதே அளவு. எனவே பி-18ன் திரையில் எஃப்-117 மங்கலாகவாவது தெரிந்தது. காயலான் கடைக்குப் போயிருக்க வேண்டிய சாமானுக்கு இருந்த கண், நவீன ரேடாருக்கு இல்லை.

அப்படியானால் எல்லோரும் பழைய ரேடாரை வாங்கிப் போட்டுவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். அதுதான் முடியாது. நீள அலை 'அந்தப் பக்கம் என்னவோ இருக்கிறது' என்று மட்டும்தான் சொல்லும். இருட்டில் யாரோ நடக்கிற சத்தம் கேட்கிற மாதிரி. குறி பார்த்து அடிக்க அது போதாது. அதற்குக் குட்டை அலை ரேடாரைத்தான் போட வேண்டும். எஃப்-117 அதற்கு அகப்பட வேண்டுமென்றால் மிகக் கிட்டே வர வேண்டும்.

போட்டால் இன்னொரு ஆபத்து. இருட்டில் டார்ச் அடித்தால், அடிக்கிறவனுக்கு எதிராளி தெரிவதற்கு முன்னால் எதிராளிக்கு அடிக்கிறவன் தெரிந்துவிடுவான். நேட்டோவிடம் ஹார்ம் என்கிற ஏவுகணை இருந்தது. ரேடார் அலை எங்கிருந்து வருகிறதோ அதைப் பிடித்துக்கொண்டே நேராக வந்து வெடிக்கும். அந்தப் போரில் எழுநூறுக்கும் மேல் ஏவினார்கள். ரேடாரைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்த எத்தனையோ செர்பியக் குழுக்கள் அப்படித்தான் போயின.

டானி என்ன செய்தார்? விளக்கை அணைத்தார்.

அவர் படையணியில் ஒரு சட்டம் இருந்தது. குறி பார்க்கும் ரேடாரை ஒரு தடவைக்கு இருபது விநாடிக்கு மேல் போடக் கூடாது. இருபது விநாடிக்குள் அகப்பட்டால் சுடு. இல்லாவிட்டால் அணை. சுட்டாலும் சுடாவிட்டாலும் சாமானைக் கட்டிக்கொண்டு இடத்தை மாற்று. அவர்களுடைய ஏவுகணை எஸ்-125 நேவா. 1961ல் சேவைக்கு வந்த சரக்கு. அதைக் கழற்றி, லாரியில் ஏற்றி, வேறு இடத்தில் பூட்டுவது என்றால் சாதாரணமாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பயிற்சி கொடுத்துக் கொடுத்து ஒன்றரை மணிக்குக் கொண்டுவந்தார். பழைய விமானங்களில் கழற்றிய ரேடார்களை ஆங்காங்கே பொம்மையாக வைத்து ஹார்ம்களுக்குத் தீனி போட்டார். செல்போன், வயர்லெஸ் எல்லாம் கூடாது. கம்பிவழித் தொலைபேசி, இல்லாவிட்டால் ஆள் அனுப்பு.

கேட்கச் சப்பென்று இருக்கிறதல்லவா? எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஸ்டெல்த்தை வீழ்த்திய ரகசியம் என்று ஏதோ பிரம்மாஸ்திரத்தை எதிர்பார்த்துப் படித்தால், மூட்டை கட்டுவதையும் ஸ்விட்சை அணைப்பதையும் சொல்கிறார்கள். ஆனால் வருகிறானா இல்லையா என்று தெரியாமல், பார்த்துவிடலாமே என்று கை துறுதுறுக்கும்போது, ரேடாரைப் போடாமல் இருட்டில் உட்கார்ந்திருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை.

1999, மார்ச் 27. போரின் நான்காம் நாள். மோசமான வானிலை. நேட்டோவின் மின்னணு முறியடிப்பு விமானங்கள் அன்று கூட வரவில்லை. இத்தாலியில் நேட்டோ விமானதளத்துக்கு வெளியே நின்று என்னென்ன கிளம்புகிறது என்று கவனித்துச் சொல்ல செர்பியாவுக்கு ஆள் இருந்தது என்கிறார்கள். போதாக்குறைக்கு நேட்டோவுக்கு அலட்சியம். தினம் கிட்டத்தட்ட ஒரே வழியில்தான் விமானங்கள் போய் வந்தன. 'நம்மை யாருக்குத் தெரியப்போகிறது?' என்கிற மிதப்பு.

பெல்கிரேடுக்கு மேற்கே, இரவு எட்டேகால் மணி வாக்கில் பி-18 திரையில் மங்கலாகப் புள்ளி. கிட்டே வரட்டும் என்று காத்திருந்தார்கள். குறி ரேடாரைப் போட்டார்கள். அகப்படவில்லை. அணைத்தார்கள். மறுபடி போட்டார்கள். இல்லை. சட்டப்படி மூட்டை கட்டியிருக்க வேண்டும். வேட்டை விமானங்கள் வானத்தில் இல்லை என்கிற தைரியத்தில் டானி தன் சட்டத்தைத் தானே மீறி மூன்றாவது தடவை போட்டார். சுமார் 13 கிலோமீட்டரில் அகப்பட்டது. குண்டு போடக் கதவு திறந்த நேரத்தில்தான் தெளிவாகத் தெரிந்தது என்பது டானி பிற்பாடு சொன்ன கணக்கு. இரண்டு ஏவுகணைகள் கிளம்பின. விமானி டேல் ஸெல்கோ அவை மேலே ஏறி வருவதைக் கண்ணால் பார்த்தார். முதலாவது விமானத்தை உலுக்கிவிட்டுத் தாண்டிப் போனது. இரண்டாவது பக்கத்தில் வெடித்தது. பாராசூட்டில் குதித்த ஸெல்கோ ஒரு வாய்க்காலில் ஒளிந்திருந்து சில மணி நேரத்தில் ஹெலிகாப்டரில் மீட்கப்பட்டார். விமானம் புடனோவ்சி கிராமத்து வயலில் கிடந்தது. மறுநாள் ஜனங்கள் அதன் இறக்கை மேல் ஏறி நின்று ஆடினார்கள்.

*

இதை வைத்து 'ஸ்டெல்த்தாவது, மண்ணாங்கட்டியாவது' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 78 நாள் போரில் செர்பியர்கள் எண்ணூறுக்கும் மேற்பட்ட ஏவுகணைகளை ஏவினார்கள். விமானி இருந்த விமானங்களில் விழுந்தவை இரண்டே இரண்டு. இரண்டாவதான எஃப்-16ஐ வீழ்த்தியதும் டானியின் ஆட்கள்தான். அதன் விமானி டேவிட் கோல்ட்ஃபீன் 2016ல் அமெரிக்க விமானப்படையின் தலைமைத் தளபதியே ஆனார். பெல்கிரேடில் சீனத் தூதரகத்தில் குண்டு போட்டு மூன்று பேரைக் கொன்ற பி-2 ஸ்டெல்த் விமானத்தை யாராலும் தொட முடியவில்லை. 2025 ஜூனில் ஏழு பி-2 விமானங்கள் ஈரானுக்குள் போய் அணு நிலையங்களைத் தாக்கிவிட்டுத் திரும்பின. அவற்றின் மேல் ஒரு குண்டுகூடப் பாயவில்லை.

என் கணக்கில் செர்பியக் குழுக்களின் நிஜமான சாதனை அந்த இரண்டு விமானங்கள் அல்ல. சாகாமல் இருந்ததுதான். எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்று தெரியாததால் நேட்டோ விமானங்கள் போர் நெடுக 15,000 அடிக்குக் கீழே இறங்கத் தயங்கின. அவ்வளவு உயரத்திலிருந்து மேகத்தையும் மீறிக் காட்டுக்குள் இருக்கும் டாங்கியை எங்கே குறி பார்ப்பது? சுடாமலேயே எதிரியின் பாதிப் பலத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

இதே நாடகம் நமக்கு வெகு அருகில் தலைகீழாக நடந்தது. 2007, மார்ச் 26. விடுதலைப் புலிகளின் விமானங்கள் கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தில் குண்டு போட்டன. மூன்று வீரர்கள் இறந்தார்கள். வந்தவை ஸ்லின்-143. செக் நாட்டில் செய்த சின்னஞ்சிறு பயிற்சி விமானம். ஸ்டெல்த் பூச்சும் கிடையாது, ஒன்றும் கிடையாது. தாழ்வாக, மெதுவாக, ராத்திரியில் பறந்தது. வேகமாக வரும் ஜெட்டைத் தேடுகிற ரேடாருக்கு மெதுவாகப் போவது பறவை மாதிரி. வெப்பத்தைத் தேடிப் போகிற ஏவுகணைக்கு அந்தச் சின்ன எஞ்சின் சூடே போதாது. கோடி கோடியாகச் செலவழித்து அமெரிக்கா அடைந்த மறைவை இவர்கள் ஏழ்மையாலேயே அடைந்துவிட்டார்கள்!

அடுத்த மாதம் 29ம் தேதி அதிகாலை. கொழும்பே விழித்திருந்தது. உலகக் கோப்பை கிரிக்கெட் இறுதி ஆட்டம், இலங்கைக்கும் ஆஸ்திரேலியாவுக்கும். நடுவில் நகரத்தின் மின்சாரத்தை அணைத்தார்கள். வானம் முழுக்க விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளின் தீப்பொறி. விமானங்கள் குறி வைத்தது எதைத் தெரியுமா? கொலன்னாவை எண்ணெய்க் கிடங்கை. முத்துராஜவெலயில் எரிவாயுக் கிடங்கை. 93 வருடம் கழித்து அதே முல்லர் கணக்கு. சேதம் குறைவுதான், பீதி பெரிசு. இலங்கை ராணுவமும் பாடம் படித்தது. புது ரேடார்கள் வந்தன, விளக்கணைப்பு பழக்கமானது. 2009, பிப்ரவரி 20 இரவு கொழும்புக்கு வந்த கடைசி இரண்டு ஸ்லின்களில் ஒன்று வருமான வரிக் கட்டடத்தில் மோதியது. மற்றொன்றைக் கட்டுநாயக்க அருகே சுட்டு வீழ்த்தினார்கள்.

நம்மிடம் என்ன இருக்கிறது? டானி கையில் இருந்த அதே எஸ்-125தான், பெச்சோரா என்கிற பேரில். எழுபதுகளில் சோவியத் யூனியனிடம் வாங்க ஆரம்பித்தது. எத்தனையோ புதுச் சரக்குகள் வந்துவிட்டன. ஆனாலும் 2025 மே மாதம் பாகிஸ்தானுடன் நடந்த மோதலில் களத்தில் இருந்த வான் பாதுகாப்புச் சாதனங்களின் பட்டியலில் பெச்சோரா பேரையும் அரசாங்கமே சொன்னது. கிழவன் இன்னும் ரிட்டயர் ஆகவில்லை.

டானி ரிட்டயர் ஆகிவிட்டார். தன் கிராமத்தில் பேக்கரி வைத்தார். 2011ல் அவரைத் தேடி அமெரிக்காவிலிருந்து ஒருவர் வந்தார். டேல் ஸெல்கோ. இரண்டு பேரும் சேர்ந்து மாவு பிசைந்து ரொட்டி சுட்டார்கள். குடும்பத்தோடு போக்குவரத்து வைத்துக்கொண்டார்கள். அதை ஒரு டாக்குமெண்டரியாகவும் எடுத்திருக்கிறார்கள். கிடைத்தால் பாருங்கள்.

ஒரு எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளைக் கொளுத்தியதற்கே மதராஸ் காலியானது. இன்று தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டையில் எண்ணெய்க் கிடங்குகள், மணலியில் 1969ல் இருந்து சுத்திகரிப்பு ஆலை, எண்ணூரில் 2001ல் திறந்த துறைமுகம், அங்கேயே எரிவாயு முனையம். நடுவே வீடுகள், பள்ளிக்கூடங்கள், சர்ச், கோயில், தர்கா.

உயர் நீதிமன்றத்தின் கலங்கரை விளக்கத்தை 1977ல் அணைத்துவிட்டார்கள். மெரினாவில் புதுசு வந்துவிட்டது. அந்தப் பக்கம் போனால் வளாகச் சுவரில் ஒரு கல்வெட்டைப் பார்க்கலாம். எம்டன் போட்ட குண்டு விழுந்த இடம், தேதியோடு. முல்லரின் கப்பலுக்குக் கல்வெட்டும் கிடைத்தது, தமிழில் ஒரு சொல்லும் கிடைத்தது. அந்த இருட்டில் ஒன்பது குண்டு சுட்டவர்களின் பேர் அங்கே எங்கும் இல்லை.